அவள் பேரில் திறந்த கதவு

பிப்ரவரி 4

கண்ணாடியக்காவுக்கு,

இஸ்திரி எழுதுகிறேன். உங்கள் இணையத்தள உள்ளறையில் எல்லாருமாகச் சேர்ந்து எனக்கு வைத்த பேர் அதுதானே, அதையே போட்டுக்கொள்கிறேன். நல்லா இருக்கிறீர்களா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் இன்றைக்கு உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன். அதனால் அதைக் கடைசியில் கேட்கிறேன்.

கதவு மூடிக்கொண்டால் போன் செய்யாதே, கையால் கடிதம் எழுதிப் போடு, கையெழுத்தைப் பார்த்துத்தான் திறந்து விடுவேன் என்று சேரும்போதே சொல்லியிருந்தீர்கள். மூன்று வருஷத்தில் எனக்கு அந்த வேலையே வரவில்லை. இப்போது வந்துவிட்டது. எட்டாம் வகுப்போடு நின்ற கை. பார்த்து அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

திங்கள்கிழமை மத்தியானம் நடந்தது இது. எங்கள் சலவைக்கூடத்தில் சாப்பாட்டுக்கு விடுகிறதே இருபத்தைந்து நிமிஷம்தான். கையைத் துடைத்து, பெட்டியைத் திறந்து போனை எடுத்து, துணி மூட்டை மேல் உட்கார்ந்து உள்ளறைக்குப் போனால் ஒரு அறிவிப்பு நிற்கிறது. பழைய பாஸ்வேர்டு செல்லாது. புதுசு வையுங்கள். பிள்ளை பேர் கூடாது. பிறந்த நாள் கூடாது. பிள்ளை இறந்துபோன நாளும் கூடாது.

எனக்குச் சுருக்கென்று வந்தது. வேண்டுமென்றே பழையதையே போட்டேன். ஒரு தரம் இல்லை, மூன்று தரம். மூன்றாம் தரம் மூடிக்கொண்டது. தப்புத்தான். ஆனால் திரும்பவும் அதே நிமிஷம் வந்தால் அதையேதான் போடுவேன்.

அக்கா, என் வீட்டில் என் மகள் பேரை யாரும் சொல்வதில்லை. என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதே இல்லை. அக்கம்பக்கத்தில் என்னைப் பார்த்தால் பேச்சை மாற்றிக்கொள்கிறார்கள். பதினோரு வருஷம் ஒரு நாளைக்கு நூறு தரம் கூப்பிட்ட பேர். இப்போது என் விரல் மட்டும் மத்தியானம் ஒரு தரம் அதைத் தட்டுகிறது. தட்டினால் கதவு திறக்கும். பிள்ளையைப் பறிகொடுத்த நாற்பது அம்மாக்கள் உள்ளே இருப்பீர்கள். மூன்று வருஷமாக எனக்கு அவள்தான் கதவைத் திறந்து விடுகிறாள். அவளைப் போகச் சொல்லிவிட்டு அந்த இடத்தில் யாரை நிற்கவைக்கச் சொல்கிறீர்கள்?

இன்னொரு கோபமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பத்து நிமிஷம் அசையாமல் இருந்தால் அறை தானாக மூடிக்கொள்ளும் என்று ஒன்று வைத்திருக்கிறீர்கள். நான் ஒற்றை விரலால் தட்டுகிறவள். யோசித்து யோசித்துத் தட்டினதெல்லாம் போன வாரம் ஒரே நொடியில் காணாமல் போனது. சாப்பிடக்கூட இல்லை அன்றைக்கு.

அவள் பேரை இந்தக் கடிதத்தில் எழுதவில்லை, கவனித்தீர்களா? பாஸ்வேர்டை எங்கேயும் எழுதாதே என்று நீங்கள் சொன்னதால்தான். கோபத்திலும் சொன்ன பேச்சைக் கேட்கிறேன்.

இப்போது கேட்கிறேன். நல்லா இருக்கிறீர்களா? முழங்கால் எப்படி இருக்கிறது?

உங்கள்
இஸ்திரி


பிப்ரவரி 11

இஸ்திரித் தங்கச்சிக்கு,

முழங்கால் இருக்கிறது, ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று சொல்கிறது. கண்ணாடிக் கடையில் கூட்டம். ஒருவருக்குக் கண்ணில் மருந்து விட்டு உட்காரவைத்துவிட்டு, அது பிடிக்கிற வரைக்கும் இதை எழுதுகிறேன்.

கையெழுத்தைப் பார்த்தேன். 'ழ'வுக்கு இப்படி ஒரு வாலை உலகத்தில் வேறு யாரும் போட மாட்டார்கள். நீதான். சந்தேகமே இல்லை.

திட்டினதெல்லாம் சரி. இப்போது நான் சொல்வதைக் கேள்.

போன மாதம் வாத்தியாரம்மா உள்ளறையில் ஒன்று எழுதினாள். பிள்ளை போன அன்றைக்கு வாசல் கேட்டைத் தாழ் போடாமல் வந்தது தான்தான் என்று. அதை நம்மிடம் சொல்ல அவளுக்கு நான்கு வருஷம் ஆனது. சொன்ன எட்டாம் நாள் அவள் நாத்தனார் அதையே அவள் முகத்துக்கு நேரே சொல்லிக் காட்டியிருக்கிறாள், ஒரு வார்த்தை மாறாமல். எப்படி உள்ளே வந்தாள்? குழந்தையின் செல்லப்பேரையும் பிறந்த வருஷத்தையும் போட்டிருக்கிறாள், திறந்துவிட்டது. அத்தைக்காரிக்குத் தெரியாத செல்லப்பேரா?

அது தெரிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து திருடி மாதிரி எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்தேன். உங்கள் பாஸ்வேர்டு எதுவும் என் கண்ணுக்குத் தெரியாது, அப்படித்தான் அதைச் செய்து வைத்திருக்கிறேன். ஆனால் பேரும் தேதியும் யாருக்குத் தெரியாது? நாம்தான் அதைத் தவிர வேறு எதையும் எழுதுவதில்லையே. பேரைப் போட்டேன், தேதியைப் போட்டேன். நாற்பத்தொன்றில் இருபத்தொன்பது திறந்தது. உன்னுடையதும். நான் உள்ளே போகவில்லை, வாசலிலிருந்தே சாத்திவிட்டேன். முப்பதாவது எது தெரியுமா? தட்டிப் பார்க்கவே தேவையில்லாதது. என்னுடையது. சட்டம் போடுகிறவளே மகன் பேரைத்தான் வைத்திருந்தேன்.

ஆகவே நீ ஒருத்தி மட்டும் பைத்தியம் இல்லை. ஆனாலும் மாற்றித்தான் ஆக வேண்டும். வீட்டுக்கு வெளியே நமக்கு இருக்கிற ஒரே அறை அது.

உனக்காக இரண்டு செய்கிறேன். பத்து நிமிஷத்தை அரை மணி ஆக்கிவிட்டேன். தட்டிக்கொண்டிருப்பது அழியாமல் தானாகச் சேமித்துவைக்கவும் வழி பண்ணிவிட்டேன். தவிர, விரல் வைத்தால் திறக்கிற மாதிரி உன் போனில் பண்ணலாம். எதையும் தட்டவே வேண்டாம். சரி என்று எழுது.

கடைசியாக ஒன்று. பயப்படாமல் பதில் சொல். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு நீ எங்கே இருப்பாய்? உன் கணக்கு மத்தியானம் உன் போனில் திறக்கிறது. நாலு மணிக்கு வேறு ஒரு இடத்தில், ஒரு கம்ப்யூட்டரில் திறக்கிறது. கதவு மூடிக்கொள்கிற வரைக்கும், ஐந்து மாதமாக.

அன்புடன்
அக்கா


பிப்ரவரி 17

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. நாலு மணிக்கு நான் துணியைச் சூடாக அழுத்தித் தேய்க்கிற உருளை மெஷினில் இருப்பேன். விடுதிப் படுக்கை விரிப்பெல்லாம் அப்போதுதான் வரும். ஒரு முனையை நான் பிடிப்பேன், இன்னொரு முனையைப் பிடிக்கிறவளை மறுமுனைக்காரி என்று கூப்பிடுவோம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே கொடுக்க வேண்டும், விட்டால் துணி சுருட்டிக்கொள்ளும். மூக்கு அரித்தால் சொறிய முடியாது. கம்ப்யூட்டருக்கு நான் எங்கே போக? அதைத் தொட்டதுகூட இல்லை.

யாரோ என் பேரில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. எங்கள் கூடத்துக் கண்காணிப்பாளராக இருக்குமோ என்று நினைத்தேன். அந்த ஆளுக்குக் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆனால் என் மகளுக்கு ஒரு பேர் இருந்ததே அந்த ஆளுக்குத் தெரியாது. மறுமுனைக்காரியிடம் கேட்டேன். "உன் கதையப் படிச்சுட்டு நான் என்னடி பண்ணப் போறேன்? எனக்கே எழுதுனா ஒம்பது புஸ்தகம் வரும்" என்றாள். அவள் இல்லை.

வாத்தியாரம்மாவின் நாத்தனார் விஷயம் தெரியாமல் திட்டிவிட்டேன். மன்னித்துவிடுங்கள். அவள் கேட்டைப் பற்றி எழுதினபோது அடியில் முதலில் பதில் எழுதினது நான்தான். அவளிடம் சொல்லுங்கள், நாத்தனாரை ஒரு நாள் எங்கள் கூடத்துக்கு அனுப்பச் சொல்லி. உருளையில் கொடுத்து எடுத்துவிடுகிறோம்.

விரல் வைக்கச் சொன்னீர்கள். போன் கடைக்குப் போய்க் கேட்டேன். அந்தப் பெண் என் பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். "என்னம்மா, உங்க கையில ரேகையே இல்லையே!" என்றாள். சோப்புத் தண்ணியும் சூடும் பதினான்கு வருஷத்தில் எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டது. நான் கொலை பண்ணினாலும் பிடிக்க முடியாது அக்கா. அந்தக் கடையில் நின்றே சிரித்துவிட்டேன்.

ஆகவே தட்டித்தான் ஆக வேண்டும். எதைத் தட்ட?

அவர் எப்படி இருக்கிறார் என்று முன்பு கேட்டிருந்தீர்கள், அப்போது பதில் எழுதவில்லை. கொஞ்சம் மாறித்தான் இருக்கிறார். அவளுடைய மஞ்சள் மழைக்கோட்டைத் தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டார் என்று உள்ளறையில் அழுதேனே, நினைவிருக்கிறதா? போன மாதம் ஒரு நாள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். எங்கே போய்க் கேட்டு வாங்கினாரோ தெரியாது. கதவுக்குப் பின்னால் பழைய இடத்தில் மாட்டினார். போய் முகம் கழுவிவிட்டுப் படுத்துவிட்டார். மரக்கட்டைக்குள்ளும் ஏதோ இருக்கும் போல.

அந்த நாலு மணி ஆள் என் பேரில் யாரைப் பற்றியாவது ஏதாவது எழுதிவிட்டானா? கேட்கவே பயமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லுங்கள்.

இஸ்திரி


பிப்ரவரி 23

தங்கச்சி,

ஒன்றும் எழுதவில்லை. ஒரு எழுத்துக்கூட இல்லை. இரண்டு நாள் உட்கார்ந்து பதிவேட்டைப் பார்த்தேன். யார் எப்போது எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்த ஆள் சரியாக நாலு மணிக்கு வருகிறார். பத்துப் பதினைந்து நிமிஷம் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. உள்ளறையில் மற்ற நாற்பது பேருடைய பக்கங்கள் இருக்கின்றன, ஒன்றையும் தொட்டதில்லை. நீ எழுதினதை மட்டும் படிக்கிறார். முதல் பதிவில் ஆரம்பித்து வரிசையாக, ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று. எல்லாம் படித்து முடித்த பிறகும் வருகிறார். வந்து ஒரே ஒரு பக்கத்தைத் திறக்கிறார். அதை மட்டும் பதினேழு தடவை.

எந்தப் பக்கம் என்று சொல்கிறேன், உட்கார்ந்துகொள். காய்ச்சலின் மூன்றாம் நாளைப் பற்றி நீ எழுதியது. "அப்பா எப்ப வருவாரு" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தது. சாதாரணக் காய்ச்சல்தானே என்று நினைத்து, வண்டியோடு வெளியூர் போயிருந்தவருக்கு நீ போன் செய்யாமலே இருந்தது.

திருடினால் எதையாவது எடுத்துக்கொண்டு போவார்கள். ஒரே பக்கத்தை யாரும் பதினேழு தடவை படிக்க மாட்டார்கள்.

உன் கடிதத்தில் மழைக்கோட்டு வருகிற இடத்தையும் இன்னொரு தடவை படித்தேன். நீ அதைப் பற்றி உள்ளறையில் அழுத பக்கத்தை அந்த ஆள் எந்தத் தேதியில் திறந்தார் என்று தேடிப் பார்த்தேன். நான் நினைப்பதை இங்கே எழுத மாட்டேன். என் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பலகையில் இருக்கிற எழுத்தை நான் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. எதிரே உட்கார்ந்திருப்பவர்தான் வாசிக்க வேண்டும். நான் லென்ஸை மட்டும் மாற்றி மாற்றி வைப்பேன்.

ஆனால் ஒன்று. அது யாராக இருந்தாலும், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், அந்தக் கதவு மூடினது மூடினதுதான். உனக்காக நான் அழுவேன், ஆனால் திறக்க மாட்டேன். நாற்பது பேர் என்னை நம்பிப் படுத்துத் தூங்குகிறார்கள்.

அக்கா


மார்ச் 1

அக்கா,

வாசித்துவிட்டேன். நீங்கள் லென்ஸ் வைத்ததுமே தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி ஒரு நாள் முழுக்க நடித்துப் பார்த்தேன், முடியவில்லை.

அவர் பார்சல் கிடங்கில் இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். வண்டி ஓட்டுவதை அவள் போனதோடு விட்டுவிட்டார், இப்போது உள்ளேயே இருந்து மூட்டைக்குச் சீட்டு ஒட்டுகிற வேலை. அங்கே மேஜை மேல் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. நாலு மணிக்கு லாரி கிளம்பிவிட்டால் கால் மணி நேரம் வேலை இருக்காது. இதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்ததுதான். சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் வந்து ஷூவைக் கழற்றும்போதே கேட்டுவிட்டேன். உட்கார விட்டால் எனக்குத் தைரியம் போய்விடும்.

"நாலு மணிக்கு என் கணக்குல போய்ப் படிக்கிறது நீங்களா?"

ஒரு ஷூ கையில், ஒன்று காலில். அப்படியே நின்றார்.

"ஆமா."

"எப்படி உள்ள போனீங்க?"

"மேஜை டிராயர்ல அந்தத் தபால் உறை இருந்துச்சு. நீ சேர்ந்தப்ப வந்தது. அதுல அந்தத் தளத்தோட விலாசம் இருந்துச்சு."

"பாஸ்வேர்டு?"

"அவ பேரைப் போட்டேன். திறந்துச்சு." பிறகு என்னை ஏதோ விவரம் தெரியாதவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "வேற என்னத்த வெச்சிருப்ப நீ?"

எனக்குக் கோபம் வந்தது அக்கா. ரொம்பக் கோபம். அது என் இடம். அங்கே நான் யாரிடமும் சொல்லாததைச் சொல்லியிருக்கிறேன். இந்த மனுஷனைப் பற்றியே பக்கம் பக்கமாகச் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் படித்துவிட்டு ஐந்து மாதமாக ஒன்றுமே தெரியாத மாதிரி என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். கத்தினேன். கையில் இருந்த துண்டை அவர் மேல் வீசினேன். அதைப் பிடித்து மடித்துக் கட்டில் மேல் வைத்தார். அதற்கும் கத்தினேன்.

நான் கத்தி முடித்ததும் சொன்னார்: "மரக்கட்டைன்னு எட்டு எடத்துல எழுதியிருக்க."

"ஒம்பது" என்றேன். சிரிப்பு வரவில்லை அப்போது. இப்போது எழுதும்போது வருகிறது.

பிறகு அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு காலில் ஷூவோடு. "நீ போன் பண்ணி, நான் எடுக்காம விட்டுட்டேனோன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அந்த ரூட்ல சிக்னல் கிடைக்காது. மூணு வருஷமா அதத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். உன்கிட்ட கேக்க பயம். ஆமான்னு சொல்லிட்டா?" என்றார்.

நான் போன் செய்யவே இல்லை என்பதை அவர் என் பக்கத்தில்தான் படித்திருக்கிறார். நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? கூப்பிடாமல் விட்டாளே பாவி என்று மனதுக்குள் என்னைச் சபிக்கிறார், அதனால்தான் பேசுவதில்லை என்று. வாயைத் திறந்தால் அதுதான் வெளியே வரும் என்று நானும் கேட்கவில்லை. ஒரே வீடு, ஒரே பாத்ரூம், ஒரே மேஜை, மூன்று வருஷம்.

"அப்பா எப்ப வருவாருன்னு கேட்டாளா? நெஜமா கேட்டாளா?" என்று அவர் கேட்டார். கேட்டாள் என்றேன். அதைத்தான் பதினேழு தடவை போய்ப் படித்திருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவள் பேரை அவர் சொல்வதே இல்லை என்று உங்களிடம் புகார் சொன்னேனே. மத்தியானம் நான் தட்டுகிறேன், நாலு மணிக்கு அவர் தட்டியிருக்கிறார். தினமும்.

அவர் செய்தது தப்பு. என் பதிவுகளுக்கு அடியில் நீங்கள் எல்லாரும் எழுதினதும் அவர் கண்ணில் பட்டிருக்கும். மறைக்கவில்லை, உங்கள் காலில் விழுந்து சொல்கிற மாதிரி சொல்லிவிட்டேன். என்னை வெளியே போகச் சொன்னாலும் உங்கள் மேல் கோபப்பட மாட்டேன். ஆனால் போகச் சொல்லாதீர்கள்.

இஸ்திரி


மார்ச் 7

அடி பைத்தியமே,

உன் கடிதத்தைக் கடையில் வைத்தே படித்துவிட்டேன். ஒரு அம்மா கண் பரிசோதனைக்கு வந்தவள், என் கண்ணைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கே சரியில்ல போலிருக்கே" என்று எழுந்து போய்விட்டாள். ஒரு வாடிக்கை போச்சு உன்னால்.

முதலில் திட்டிவிடுகிறேன். அந்த உறையைப் படித்ததும் கிழித்துப் போடச் சொன்னேனா இல்லையா? மேஜை டிராயரில் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாய், நினைவுப்பொருள் மாதிரி. உன் வீட்டுக்காரருக்கும் ஒரு திட்டு. வாய் இருக்கிறதல்லவா? கேட்டிருக்கலாம்.

உள்ளறையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான். இது அவர்கள் வீடும்கூட, மறைக்க எனக்கு உரிமை இல்லை. இரண்டு நாள் யாரும் ஒன்றும் எழுதவில்லை. வாத்தியாரம்மாவின் கேட்டு விஷயம் அவள் பக்கத்தில் இருந்தது, அதை அவர் தொடவில்லை என்று பதிவேட்டைக் காட்டினேன். ஆனால் உன் பக்கத்தில் அவள் எழுதின ஆறுதல்களை அவர் படித்திருப்பார், அதையும் சொன்னேன். மூன்றாம் நாள் அவள் எழுதினாள்: "படிச்சது படிச்சதாப் போகட்டும். எங்க வீட்டுல படிச்சவ என்னைக் குத்துறதுக்குப் படிச்சா. அந்த மனுஷன் மழைக்கோட்டத் தேடிக்கிட்டுப் போயிருக்காரு. ஆனா இனிமே எட்டிப் பாத்தார்னா நானே நேர்ல வருவேன்." மற்றவர்கள் அவளுக்குப் பின்னால் வரிசையாகச் சரி சொன்னார்கள். இருவர் மட்டும் இன்னும் பயமாக இருக்கிறது என்கிறார்கள். அவர்கள் பயம் நியாயம். நீ வந்து பேசு, பொறுமையாக.

இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். நாற்பத்தொரு கதவில் முப்பது கதவு ஒரு பேரில் திறக்கும் என்று சொன்னேனே. அதைத் தெரிந்துகொண்டதும் என் கதவின் பதிவேட்டையும் எடுத்துப் பார்த்தேன். ஏழு வருஷம். என்னைத் தவிர ஒருத்தரும் வந்ததில்லை. என் மகனுக்கு அந்தப் பேரை வைத்த அப்பா ஒருவர் உலகத்தில் இருக்கிறார், நான் இந்தத் தளம் நடத்துவதும் அவருக்குத் தெரியும். ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. பாதுகாப்பாக இருந்தது என்று சந்தோஷப்படத்தான் வேண்டும். உன் மேல் பொறாமைதான் வந்தது. போகட்டும்.

இப்போது சட்டம். புது பாஸ்வேர்டு வைக்க வழி தெரியாமல் எல்லாரும் தவிக்கிறார்கள். குறியும் எண்ணும் கலந்து வை என்றால் நம் ஆட்கள் மறந்துவிடுவார்கள், இல்லையென்றால் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். அதனால் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். உன் மகளைப் பற்றி நீ உள்ளறையில் எழுதாத, வாயால் யாரிடமும் சொல்லாத ஒரு விஷயத்தை எடுத்துக்கொள். சின்னதாக இருக்கட்டும். அதை நாலைந்து சொல்லாகச் சேர்த்து வை. நீளமாக இருப்பதால் எந்தக் கெட்டிக்காரனும் ஊகிக்க முடியாது. உன்னாலும் மறக்க முடியாது. என்னிடமும் சொல்லாதே. அவரிடமும் கூடாது. நாளைக்கு உருகிப்போய் அவரிடம் சொன்னாயானால், அன்றைக்கே வேறு மாற்ற வேண்டும்.

அவள் வாசலில்தான் நிற்பாள். பேர் மட்டும் வெளியே தெரியாது.

ஒரு உறை வைத்திருக்கிறேன். அதில் இருக்கிற சொல்லைப் போட்டால் ஒரே ஒரு தடவை திறக்கும். உள்ளே போனதும் உன்னுடையதை வைத்துக்கொள். தபாலுக்கு ஐந்து நாள் விட்டிருக்கிறேன், பன்னிரண்டாம் தேதியிலிருந்து ஏழு நாள்தான் செல்லும், பிறகு செத்துவிடும். கிழித்துப் போடு!

அக்கா


மார்ச் 20

அன்பான அக்காவுக்கு,

உங்கள் உறை பன்னிரண்டாம் தேதியே வந்துவிட்டது. பிரித்தேன், படித்தேன், கீழே வருவதையும் படியுங்கள்.

யாரிடமும் சொல்லாத ஒன்று என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். உருளையில் துணி கொடுத்துக்கொண்டே யோசித்தேன். எதை எடுத்தாலும் உங்களிடம் சொல்லியிருக்கிறேன். பல் விழுந்ததைச் சொல்லியிருக்கிறேன். வகுப்பில் தூங்கி விழுந்ததைச் சொல்லியிருக்கிறேன். ஒரு செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்ததை இரண்டு தரம் சொல்லியிருக்கிறேன். மூன்று வருஷத்தில் அவளை ஒரு துளி மிச்சம் வைக்காமல் வழித்துக் கொடுத்துவிட்டேனே என்று பயமாகிவிட்டது. தீர்ந்துபோனாளோ என்று. மறுமுனைக்காரி என்னைத் திட்டினாள், "மூலைய விட்டுட்ட பாரு!" என்று. ஒரு விரிப்பு சுருட்டிக்கொண்டது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன், எனக்கு ஒன்றுமே மிச்சம் இல்லை என்று. அவர், "என்கிட்ட இருக்கு" என்றார்.

லாரியில் அவளை ஒரு நாள் ஏற்றிக்கொண்டு போனாராம். நான் கூடாது என்று சொல்லியிருந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து என்னிடம் மறைத்திருக்கிறார்கள். வழி முழுக்க ஹாரன் அடிக்கச் சொன்னாளாம். எதிரே வந்த வண்டிக்காரர்கள் எல்லாம் திட்டினார்களாம். இவள் ஒவ்வொருவருக்கும் கையாட்டினாளாம். இதைச் சொல்லும்போது நடுவில் அவள் பேரைச் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு நின்றுவிட்டார். நானும் நின்றுவிட்டேன். பிறகு மேலே சொன்னார்.

அது எனக்குத் தெரியாத விஷயம் அக்கா. பதினோரு வருஷம் நான் வளர்த்த பெண், எனக்குத் தெரியாமல் ஒரு நாள் முழுக்க லாரியில் சிரித்துக்கொண்டு போயிருக்கிறாள். எனக்குப் புதுசாக ஒரு நாள் கிடைத்தது.

ஆனால் பாஸ்வேர்டுக்கு ஆகாது, அவருக்குத் தெரியுமே. அடுத்த நாள் இன்னொன்று சொன்னார். அதுவும் ஆகாது. நான் அவருக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, ஐயோ, இதை வைத்திருக்கலாமே என்று. "போச்சு, இதையும் கெடுத்தாச்சு" என்றேன். "நான் காதைப் பொத்திக்கவா?" என்கிறார். இப்படியே தினமும். இவர் ஒன்று, நான் ஒன்று. சமைக்கும்போது, துணி மடிக்கும்போது. அவர் பேசுகிறார் அக்கா, நிறுத்தாமல் பேசுகிறார். எங்கள் வீட்டுக்கு யாராவது வந்திருக்கிறார்களா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள்.

பயப்படுகிற அந்த இருவருக்கும் சொல்லுங்கள். அவர் கிடங்கில் வேலையை மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டார், அந்தக் கம்ப்யூட்டர் பக்கமே போவதில்லை. அவர்கள் சொல்லாமல் நான்தான் சொன்னேன், போகாதீர்கள் என்று. எனக்கு என் வீடும் வேண்டும், உங்கள் அறையும் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கதவு இருக்கட்டும். வந்து நானே அவர்களிடம் பேசுகிறேன்.

எனக்கு ஒன்று கிடைத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை, விரிப்பு மடிக்கும்போது, தானாக வந்தது. ஐந்து சொல். நானும் அவளும் மட்டும் இருந்தபோது நடந்தது. அவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியாது, யாருக்கும் சொல்ல மாட்டேன். கிடைத்துவிட்டது என்று மட்டும் அவரிடம் சொன்னேன். "சரி. எனக்கும் ஒண்ணு இருக்கு. நானும் சொல்ல மாட்டேன்" என்றார். அது அவரிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், திட்டக் கூடாது. உங்கள் உறைக்கு ஏழு நாள் என்று எழுதியிருந்தீர்கள். இன்றைக்கு மத்தியானம் போட்டுப் பார்த்தேன், செல்லவில்லை. எண்ணிப் பார்த்தால் எட்டு நாள் ஆகியிருக்கிறது. தினமும் நாளைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம் என்று, பேசிக்கொண்டே இருந்துவிட்டோம்.

உறையைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இன்னொன்று அனுப்புங்கள் அக்கா. மெதுவாகவே அனுப்புங்கள்.

இஸ்திரி